நாலு நிமிடமும் இரண்டு கேம்ஷாஃப்டும்

பத்து போல்ட்டுகளைப் பற்றி வசந்த்குமாருக்குத் தெரிந்த அளவு இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஒரகடம் பக்கத்துக் கார் கம்பெனியில் பதினொரு வருடமாக அவன் செய்வது ஒரே வேலைதான். எஞ்சின் ஊர்ந்து வந்து அவன் முன்னால் நிற்கும். அதன் தலைமேல் ஒரு மூடி இருக்கும். மூடிக்குப் பத்து போல்ட். நடுவில் ஆரம்பித்து, குறுக்கே குறுக்கே போய், ஓரத்தில் முடிக்க வேண்டும். மொத்தம் ஐம்பத்தெட்டு வினாடி. அப்புறம் அடுத்த எஞ்சின். மூடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவனுக்கு நேரமும் கிடையாது, அதற்குச் சம்பளமும் கிடையாது.

நான் அதே கம்பெனியில் கதவு பெயின்ட்டில் கீறல் பார்க்கிறவன். குறை கண்டுபிடிப்பதற்கே கூலி வாங்குகிற ஆள். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் குத்தல் இருந்தால் அது தொழில் பழக்கம். எனக்கும் அவனுக்கும் ஒரே கம்பெனி பஸ், மானாம்பதியில் ஒரே நிறுத்தம், பெரும்பாலும் ஒரே சீட்டு. அவன் என் தோளில் சாய்ந்து தூங்கும்போதுகூட வலது கட்டைவிரல் மட்டும் போல்ட் முடுக்கிக்கொண்டிருக்கும்.

அவனிடம் ஒரு கார் இருந்தது. நாலு கை மாறி வந்தது. காலனித் தெருவுக்குள் சொந்தமாக வந்து நின்ற முதல் கார் அதுதான். அவன் அப்பா கிருஷ்ணசாமி வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கழனியில் வரப்பு அண்டை வெட்டியவர். கார் வந்த அன்று முன்சீட்டில் ஏறி, வண்டி எங்கேயும் போகாமலே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார். அடுத்த தை மாதம் அவர் போய்ச்சேர்ந்தார். ஆகையால் அந்தக் காரை யாராவது டப்பா என்று சொன்னால் வசந்துக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அது டப்பாதான்.

மூன்று வருடத்துக்கு முன்பு வரைக்கும் அந்த டப்பாவால் யாருக்கும் கெடுதல் இல்லை. அந்த வருடம்தான் அது அவன் மனைவி தேவயானியைப் பரீட்சை எழுதவிடாமல் செய்தது.

தேவயானி பட்டப்படிப்பு முடித்தவள். உத்திரமேரூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. சுற்றுப்பட்டு கிராமத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அரசு வேலைக்கு விண்ணப்பம் தட்டிக் கொடுப்பது அவள்தான். அவள் தட்டிக் கொடுத்தவர்களில் ஒருவர் கிராம நிர்வாக அலுவலர் ஆகிவிட்டார். இன்னொருவர் போலீஸ். ஒரு நாள் தனக்கும் ஒரு விண்ணப்பம் தட்டிக்கொண்டாள். ஒன்றரை வருடம் படித்தாள். பரீட்சைக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம் விழுந்தது. காலை ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். அப்புறம் யார் வந்தாலும் திறக்கமாட்டார்கள்.

"பஸ்ஸுல இன்னாத்துக்குப் போற? வூட்டாண்ட காரு நிக்கசொல்ல?" என்று வசந்த்தான் கேட்டான். காரில் போனார்கள். பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. ஏழெட்டு முறை ஒதுங்கி ஏறப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் பாதி லாரி வரைக்கும் போவதற்குள் வண்டிக்கு மூச்சு வாங்கியது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போயிற்று. பள்ளிக்கூடத்து வாசலை அடைந்தபோது மணி ஒன்பது நாலு.

தேவயானி அழவில்லை, சண்டை போடவில்லை. மூடிய கேட்டுக்கு எதிரில் ஒரு டீ குடித்தாள். மறுநாள் வேலைக்குப் போய், அடுத்த பரீட்சைக்கு ஒரு பெண்ணுக்கு விண்ணப்பம் தட்டிக் கொடுத்தாள். அந்த நாலு நிமிடத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. ஒரு தரம் நன்றாகத் திட்டியிருந்தால் அவன் தேறியிருப்பான். திட்டாததுதான் அவனை உள்ளுக்குள் அரித்தது.

அந்த அரிப்பில் அவன் கண்டுபிடித்த மருந்துதான் கேம்ஷாஃப்ட். எஞ்சினுக்கு மூச்சு உள்ளே போகவும் வெளியே வரவும் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. அந்தக் கதவுகளை வேளை பார்த்துத் தட்டித் திறக்கிற, முட்டு முட்டாக வைத்த இரும்புத் தண்டுதான் கேம்ஷாஃப்ட். முட்டு பெரிதாக இருந்தால் கதவு அகலமாகத் திறக்கும், எஞ்சின் நன்றாக மூச்சு வாங்கும், வண்டி பறக்கும். இதையெல்லாம் கம்பெனி பஸ்ஸில் போனை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினான். ரேஸ் வண்டிக்குப் போடுகிற கேம் ஜோடி ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வரவழைத்தான். அந்த வருடத்து போனஸ் அதற்குத்தான் போயிற்று.

"எதுக்குடா இது?" என்றேன்.

"அந்த மாதிரி லாரி வந்தா ஒரே மிதி, தாண்டிப் பூடணும் மச்சான். இந்த வாட்டி நாலு நிமிஷம் நம்ம கையில இருக்கணும்."

இதற்கு இன்னொரு வழியும் இருந்தது. தேவயானி சொன்னாள்: "பத்து நிமிஷம் முன்னாடி கெளம்புனா போதாதா மாமா?"

அவன் அவளைப் பாவமாகப் பார்த்தான். மெக்கானிக்கல் தெரியாத ஜனங்களை அவன் அப்படித்தான் பார்ப்பான்.

அடுத்த வருடம் ஆயுத பூஜை வியாழக்கிழமை. கம்பெனிக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு. ஞாயிற்றுக்கிழமை தேவயானிக்குப் பரீட்சை. புதன் சாயங்காலம் பிரிப்பது, வியாழன் மாட்டுவது, வெள்ளி ஓட்டிப் பார்ப்பது, சனிக்கிழமை ஓய்வு என்று திட்டம் போட்டான். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவன் ஆயுத பூஜை அன்று ஸ்பேனரைத் தொடுவதாகத் திட்டம் போட்டது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புதன்கிழமை வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்தான். மூடியின் பத்து போல்ட்டையும் ஐம்பத்தொரு வினாடியில் கழற்றினான். நான்தான் போனில் நேரம் பார்த்தேன். கம்பெனியில்கூட அவன் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. தெருவே கை தட்டாத குறை. மூடியைத் தூக்கியதும் ஆள் அடங்கிப்போனான். ஒன்பது வருடம் ஒரே வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவன் முதல் தடவையாக உள்ளே எட்டிப் பார்த்தது போல இருந்தது அவன் முகம். உள்ளே இரண்டு தண்டு, இரண்டு பல் சக்கரம், சுற்றிலும் செயின்.

செயினில் எந்தக் கண்ணி சக்கரத்தின் எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறதோ, திரும்ப மாட்டும்போதும் அங்கேயே உட்கார வேண்டும். ஒரு பல் தப்பினாலும் கதவு வேளை கெட்டுத் திறக்கும். அதற்குக் குறி வைக்க வேண்டும். கம்பெனிக்காரன் போட்ட குறி நாலு கை மாறியதில் தேய்ந்து போயிருந்தது. வீடியோவில் வெள்ளை பெயின்ட் வைத்தார்கள். வீட்டில் பெயின்ட் இல்லை. உள்ளே போய்த் தேவயானியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தான். எண்ணெயைத் துடைத்துவிட்டுச் சக்கரத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு, எதிரே செயினுக்கு ஒரு சிவப்புப் பொட்டு என்று ஒட்டினான். குறை கண்டுபிடிக்கும் தொழிலில் இருக்கிற எனக்கே அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. செயினை ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, சக்கரங்களையும் தண்டுகளையும் கழற்றிச் சாக்கின்மேல் வரிசையாக வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.

மறுநாள் பொரி, சுண்டல் சாப்பிடலாம் என்று நான் போனேன். வாசலில் சாக்கு மட்டும் கிடந்தது. வீட்டுக்குள் சாமி படத்துக்கு எதிரே ஸ்பேனர், ஜாக்கி, ஸ்க்ரூ டிரைவர், புது கேம்ஷாஃப்ட், பழைய கேம்ஷாஃப்ட், பல் சக்கரம் எல்லாம் வாழையிலைமேல் பளபளவென்று இருந்தன. அவன் அம்மா செங்கேணி விடியற்காலையில் எழுந்து அத்தனையையும் புளி போட்டுத் துலக்கிக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். நாற்பது வருடம் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் மட்டுமே பூஜை போட்ட கை. இந்த வருடம் இரும்பு நிறைய கிடைத்த சந்தோஷம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

வசந்த் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எம்மா, அதுல பொட்டு ஒட்டியிருந்தேனே, இன்னாம்மா பண்ண?"

"ஸ்டிக்கர் பொட்டாடா வெப்பாங்க சாமி சாமானுக்கு? குத்தமாயிடும். அத்தப் பிச்சிப் போட்டுட்டு நல்ல குங்குமமா வெச்சிக்கிறேன் பாரு."

"அதே எடத்துலயா வெச்ச?"

"அதே எடந்தாண்டா. எனக்கு இன்னா கண்ணு பூத்துப்போச்சா?" என்றவர் என் பக்கம் திரும்பி, "நீ துண்ணு நைனா, இவனுக்கு நல்ல நாள்லயும் பேஜார்தான்" என்றார்.

நான் சுண்டலைத் தின்றேன். கற்பூரம் காட்டியபோது கேம்ஷாஃப்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பின்னால் நடந்தவற்றுக்கு எனக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இராகு காலமெல்லாம் போன பிறகு எடுத்தான். செயினில் இருந்த ஸ்டிக்கர் பொட்டுக்கு நேராகச் சக்கரத்தின் குங்குமப் பொட்டை வைத்து மாட்டினான். அம்மா வைத்த பொட்டு கட்டைவிரல் அகலம். அந்த அகலத்துக்குள் தாராளமாக இரண்டு பல் அடங்கும். இரண்டில் எது என்று அவன் என்னைக் கேட்டான். நான் ஒன்றைக் காட்டினேன்.

மூடியின் பத்து போல்ட்டை மட்டும் அவன் மாட்டிய அழகு இருக்கிறதே, அதில் ஒரு குறை சொல்ல என்னாலும் முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் சாவியைத் திருப்பினான். பத்து தடவை இழுத்த பிறகு எஞ்சின் பிடித்தது. டப், டப டப, டப் என்று ஒரு சத்தம். பழைய கார் இருமும். இது உறுமிவிட்டு, யோசித்துவிட்டு, மறுபடி உறுமியது. மிதியிலிருந்து காலை எடுத்தால் அணைந்துபோயிற்று. திரும்பக் கிளப்ப இன்னொரு பத்து தடவை. வேகமாக விட்டால் மட்டும் சத்தம் சீராகி, பானெட்டே சிலிர்த்தது.

"இன்னாடா இது, மெதுவா நிக்க மாட்டேங்குது?" என்றேன்.

"ரேஸ் கேமுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றான். இதில் கொடுமை என்னவென்றால், அது உண்மையும்கூட. அந்த மாதிரி கேம் போட்டால் நின்ற இடத்தில் வண்டி தடுமாறத்தான் செய்யும். அதனால் தடுமாற்றத்தில் கேமின் பங்கு எவ்வளவு, குங்குமத்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தேவயானி கையில் புத்தகத்தோடு நிலைப்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் உள்ளே போனாள். அன்று சாயங்காலம் வசந்த் அவளுடைய ஹால் டிக்கெட்டை ஒரு கவரில் போட்டு, கூடவே விபூதிப் பொட்டலம் வைத்து, காரின் டேஷ்போர்டில் பத்திரப்படுத்தினான். காலையில் மறக்கக்கூடாது அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கே காரைக் கிளப்ப ஆரம்பித்தான். அது கிளம்பவில்லை. தேவயானி குளித்து, சாமி கும்பிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கால் மணி நேரம் நின்றாள். அப்புறம், "நான் பஸ்ஸுல போறேன் மாமா. நீ பொறுமையா ரெடி பண்ணிக்கினு வா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பரீட்சைக்குப் போனைக் கொண்டு போகக்கூடாது என்பதால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டாள். ஆறு மணி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

எட்டு மணிக்கு என் வீட்டுக்கு போன் வந்தது. "மச்சான், வண்டி கெளம்பிடுச்சி. ஆனா ஹால் டிக்கெட்டு வண்டியிலயே கீதுடா!"

அவன் குரலைக் கேட்டதும் எனக்குக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை. போன வருடம் நாலு நிமிடம். இந்த வருடம் டிக்கெட்டே இவன் கையில். அவளிடம் போனும் இல்லை. லுங்கியோடு ஓடினேன். பேட்டரி இறங்கிவிட்டதால் வண்டியை அணைக்கக்கூடாது என்று நிறுத்தாமலே என்னை ஏற்றிக்கொண்டான். ஓடுகிற பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். ஓடுகிற காரில் ஏறியது அதுதான் முதல் முறை.

அதற்கப்புறம் நடந்ததை நான் கொஞ்சமும் மிகைப்படுத்தவில்லை. மெதுவாகப் போனால் வண்டி அணைந்துவிடும், ஆகவே மெதுவாகப் போகவே முடியாது. வேகத்தடையில் என் தலை கூரையில் இடித்தது. ரோட்டில் பாதிக்கு நெல் காயவைத்திருந்த இடத்தில் மீதிப் பாதியில் புகுந்து போனோம். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பாஞ்சாலி என்கிற அம்மாள் எங்கள் இரண்டு பேர் வம்சத்தையும் வாழ்த்தியது காதில் விழுந்தது. பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால், சொல்லி வைத்தாற்போல, வைக்கோல் லாரி ஒன்று ஆடிக்கொண்டு போனது.

வசந்த் மிதித்தான். கார் ஒரு நொடி யோசித்தது. அப்புறம் உறுமிக்கொண்டு போயிற்று பாருங்கள், லாரி எங்கே போனது என்றே தெரியவில்லை. நாலு கை மாறிய டப்பா பாலத்தின்மேல் பறந்தது. நான் குறை சொல்கிறவன்தான்; ஆனால் அந்த ஒரு நிமிடம் எனக்கு உடம்பு புல்லரித்தது. அவனைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வழிய ஓட்டிக்கொண்டிருந்தான். "எங்கப்பன் இருந்திருக்கணும்டா" என்றான்.

பள்ளிக்கூட வாசலில் நான் குதித்தபோது மணி எட்டு நாற்பத்தாறு. கேட்டில் நின்ற போலீஸ்கார அம்மாவிடம் கவரை நீட்டி, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "தேவயானிதான? அவங்க உள்ள போயி அரை மணி நேரம் ஆவுது" என்றார்.

எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. கடைக்காரரைக் கேட்டேன். "ஏழரைக்கே ஒரு பொண்ணு வந்து, பதிவு எண்ண மனப்பாடமா சொல்லி, டிக்கெட்டு பிரிண்ட் எடுத்துக்கினு போச்சு. நான் தட்டறது லேட்டாவுதுன்னு அதுவே தட்டிக்கிச்சு" என்றார். அவளுடைய பிழைப்பே அதுதானே. நாங்கள் மூன்று பேரும் இதை எப்படி மறந்தோம் என்று தெரியவில்லை. நானும் வசந்தும் என்று திருத்திக்கொள்கிறேன். மூன்றாவது நான் கணக்கில் சேர்த்தது காரை.

வசந்த் அதற்குள் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தான். விஷயத்தை ஓடிக்கொண்டே சொன்னேன். அவன் முகம் தொங்கிப் போயிற்று. "அப்ப வூட்டுக்குப் போடா" என்றேன்.

"கூட்டிக்கினு போறேன்னு சொன்னேன்டா. வரசொல்லதான் முடியல. போவசொல்லயாவது கூட்டிக்கினு போவேன்" என்றான்.

நிறுத்தினால் அணையும், அணைந்தால் கிளம்பாது. ஆகவே அவன் சுற்றினான். நான் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் டப டப, டப் என்று தெருமுனையில் சத்தம் கேட்கும். பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிக் கார் போகும். அடுத்த முனையில் மறையும். ஒரே தடவை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆளைக் காணோம். முனையில் நாலு மாடுகள் படுத்துக்கொண்டதால் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னான். மொத்தம் நாற்பது சுற்று. நாற்பதாவது சுற்றில், கேட்டுக்கு நேர் எதிரே பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது. சரியாக அப்போது பன்னிரண்டரை மணி பெல் அடித்தது.

தேவயானிக்கு வேலை கிடைத்தது. இப்போது அவள் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர், பஸ்ஸில்தான் போகிறாள். காரைப் பிரித்துப் பார்த்த செய்யாறு மெக்கானிக் ஒரு பல் தப்பியிருக்கிறது என்று சொல்லிப் பழைய கேமையே மாட்டிக் கொடுத்தார். வசந்த் அதை இன்னும் நம்பவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வண்டியைவிட, அன்றைக்கு நாங்கள் அதைத் தள்ளிக்கொண்டு போனதுதான் ஞாபகம் வருகிறது.

பெட்ரோல் பங்க் வரைக்கும் தள்ள வேண்டியிருந்தது. வசந்த் கதவோரம் நின்று ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளினான். பின்னால் நானும் தேவயானியும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் தள்ளினாள்.

"உள்ள சத்தம் கேட்டுச்சா?" என்று வசந்த் திரும்பாமலே கேட்டான்.

"கேக்காம? ஹால்ல எல்லாரும் திட்டிக்கினு இருந்தாங்க. மேடம் ஜன்னலாண்ட போயி, யாரு வண்டி அது, யாருக்காவது தெரியுமான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"தெரியாது மேடம்னேன்."

கார் கொஞ்சம் கனத்தது போல இருந்தது. அவன் தள்ளுவதை நிறுத்தியிருந்தான். ஒன்பது வருடமாக ஒரே மூடியைப் போட்டு மூடுகிறவன், அன்றைக்குத் தன் முகத்தை மூடத் தெரியாமல் நின்றான். எனக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தேவயானி அதைக் கவனித்தாளோ என்னவோ. டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"நடுவுல ஒரு வாட்டி ரொம்ப நேரம் சத்தத்தயே காணோம். வண்டிக்கு இன்னா ஆச்சோ, உனுக்கு இன்னா ஆச்சோன்னு யோசிச்சிக்கினே ரெண்டு கேள்வி தப்பா போட்டுட்டேன். தள்ளு மாமா, வெயிலு ஏறுது."